அல்சைமர் உள்ள அம்மாவைப் பார்த்துக்கொள்கிறேன்: ஆதரவுக் கூட்டத்துக்குப் போனவர்கள் இருக்கிறீர்களா?

அம்பத்தூர்_வாணி (திங்கள், இரவு 11.40)

வணக்கம். பல வருடமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்றைக்குத்தான் முதல்முறையாக எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 74 வயது. அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் தெருப் பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வைத்து வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்வார். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரே மாதத்தில் பால்காரருக்கு இரண்டு தடவை பணம் கொடுத்தார். வயசானால் வருவதுதானே என்று விட்டுவிட்டோம். அப்புறம் ஒருநாள் குக்கரில் தண்ணீர் ஊற்றாமல் அரிசியை மட்டும் போட்டு ஏற்றிவிட்டு, விசில் வரவில்லையே என்று அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தார். வீடு முழுக்கப் புகை. அதற்குப் பிறகுதான் டாக்டரிடம் போனோம். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் எடுத்துப் பார்த்து அல்சைமர் என்ற மறதி நோய் என்றார்கள்.

இப்போது சாயங்காலம் ஐந்து மணி ஆனால் கைப்பையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுகிறார். "நேரமாச்சு, நான் வீட்டுக்குப் போகணும்." இதுதான் நம் வீடு, 31 வருடமாக இங்கேதான் இருக்கிறோம் என்று சொன்னால் முறைக்கிறார். போன வாரம் என்னைப் பார்த்து "நீங்க யாரு? என்னை ஏன் இங்க பிடிச்சு வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார். கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நடமாடுகிறேன். ராத்திரி மூன்று தடவை எழுந்திருக்கிறார், நானும் எழுந்திருக்கிறேன். வேலையை விட்டு எட்டு மாதம் ஆகிறது. அண்ணன் வெளிநாட்டில் இருக்கிறான். பணம் அனுப்புகிறான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வந்து "அம்மா நல்லாத்தானே பேசறாங்க, நீதான் ரொம்பக் கவலைப்படறே" என்கிறான்.

டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்து ஆறு மாதம் கழித்து வரச் சொல்கிறார். அங்கே இருந்த நர்ஸ் ஒருவர்தான் என் முகத்தைப் பார்த்துவிட்டு, சீட்டின் பின்பக்கம் "ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. (அல்சைமர் சங்கம்) சென்னைக் கிளை. வீட்டில் பார்த்துக்கொள்பவர்களுக்குக் கூட்டம் நடத்துகிறார்கள், போய்ப் பாருங்கள்" என்று எழுதித் தந்தார். சீட்டு இரண்டு மாதமாகப் பர்ஸிலேயே இருக்கிறது. வீட்டு விஷயத்தை வெளியாட்களிடம் போய்ச் சொல்லப் போகிறாயா என்று நாத்தனார் கேட்கிறார்.

அங்கே என்னதான் நடக்கும்? அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகணுமா, நான் மட்டும் போகணுமா? டாக்டராலேயே முடியாததை ஒரு தொண்டு அமைப்பு என்ன செய்துவிடும்? போனவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பழைய_கணக்கர் (செவ்வாய், காலை 5.15)

அம்மா வாணி,

எனக்கு 77 வயது. என் மனைவிக்கு ஏழு வருடமாக இந்த நோய். அந்தக் கூட்டத்துக்கு நானும் சீட்டை வைத்துக்கொண்டு தயங்கித் தயங்கித்தான் போனேன். அதனால் உங்கள் கேள்விக்கு விவரமாகவே பதில் எழுதுகிறேன்.

முதலில் அந்த அமைப்பு யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. 1992-ல் கேரளத்தில், திருச்சூர் மாவட்டத்துக் குன்னங்குளத்தில் தொடங்கியது. தொடங்கியவர் டாக்டர் ஜேக்கப் ராய். அவர் மூளை நரம்பு டாக்டர் இல்லை, குழந்தை மருத்துவர். அவருடைய அப்பாவுக்கு மறதி நோய் வந்தது. ஒரு டாக்டரின் வீட்டுக்கே எங்கே போய்க் கேட்பது என்று தெரியாத காலம் அது. அந்தத் தவிப்பிலிருந்து வந்த அமைப்பு. அதன் கிளைகள்தான் பிறகு பல ஊர்களில் வந்தன, சென்னையிலும். இந்தியாவில் எத்தனை பேருக்கு இந்த நோய் என்று 2010-ல் முதல் பெரிய அறிக்கை கொண்டுவந்ததும் அவர்கள்தான். அப்போது கணக்கு 37 லட்சம். 2023-ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேர் என்கிறது. உங்கள் தெருவிலும் இன்னொரு வீடு இருக்கும். அவர்களும் கதவைச் சாத்திக்கொண்டுதான் இருப்பார்கள்.

சரி, கூட்டத்துக்கு வருகிறேன். நான் போன அன்று ஒன்பது பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தோம். நோயாளி யாரும் இல்லை, எல்லோரும் பார்த்துக்கொள்பவர்கள். ஒருங்கிணைப்பாளர் ஒருவர் இருந்தார், அவர் அதிகம் பேசவில்லை. ஒவ்வொருவரும் அந்த மாதம் எப்படிப் போனது என்று சொன்னார்கள். என் முறை வந்தபோது பேர், ஊர் சொன்னேன். அதற்கு மேல் பேச்சு வரவில்லை. பக்கத்தில் இருந்த பெண் (என் மகள் வயதிருக்கும்) தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தார். அவ்வளவுதான் முதல் கூட்டம்.

இரண்டாவது தடவை வாயைத் திறந்தேன். மனைவி ஒரு நாளைக்கு இருபது தடவை "இன்னிக்கு என்ன கிழமை" என்று கேட்கிறாள், நானும் இருபது தடவை சொல்லி, இருபத்தோராவது தடவை கத்திவிடுகிறேன் என்றேன். ஒருவர் கேட்டார்: "அவங்க கிழமையைத்தான் கேக்கறாங்களா சார்? பயத்துல கேக்கறாங்களா?" வீட்டுக்கு வந்து கவனித்தேன். நான் அடுத்த அறைக்குப் போகும்போதெல்லாம்தான் அந்தக் கேள்வி வருகிறது. அடுத்த தடவை பதில் சொல்லாமல் பக்கத்தில் போய் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். கேள்வி நின்றது. எப்போதும் நிற்கும் என்று சொல்லமாட்டேன், ஆனால் பல நாள் நிற்கிறது.

நான் முப்பது வருடம் கணக்குப் பார்த்தவன். தப்பைக் கண்டால் திருத்துவது என் சுபாவம். "இல்லை, புதன்", "இல்லை, உங்க அப்பா 1988-லயே போயிட்டார்" என்று திருத்திக்கொண்டே இருந்தேன். தன் அப்பா இறந்த செய்தியை அவள் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்டு அழுதாள். இதை நான் மாதக்கணக்கில் செய்திருக்கிறேன். நிறுத்தச் சொன்னது அந்தக் கூட்டம். டாக்டர் யாரும் எனக்கு இதைச் சொல்லவில்லை, சொல்ல அவர்களுக்கு நேரமும் இல்லை.

போய் வாருங்கள். கிளம்புவதற்கு முன் அலைபேசியில் கூப்பிட்டு நாளும் இடமும் கேட்டுக்கொள்ளுங்கள், மாறும்.

சேலத்துக்காரன் (செவ்வாய், காலை 9.02)

நான் சொல்வது பலருக்குப் பிடிக்காமல் போகலாம். மனதில் பட்டதைச் சொல்கிறேன்.

என் பாட்டிக்கும் இப்படித்தான் இருந்தது. சாப்பிட்டதை மறந்து சோறு கேட்பார், பேரனை மகன் என்பார். அதற்கு யாரும் பேர் வைக்கவில்லை, கூட்டமும் போடவில்லை. திண்ணையில் உட்கார வைத்துப் போகிறவர் வருகிறவர் எல்லோரும் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போவார்கள். கடைசிவரை வீட்டோடு இருந்தார். பெற்றவர்களைப் பார்த்துக்கொள்வது பிள்ளைகளின் கடமை. அதற்கு வகுப்பு, பயிற்சி, ஆதரவுக் குழு என்று ஆரம்பித்தால் நாளைக்குக் காப்பகத்தில் விடுவதில்தான் போய் முடியும் என்பது என் பயம். சகோதரியைக் குறை சொல்லவில்லை. அவர் படும் கஷ்டம் எழுத்திலேயே தெரிகிறது.

தெப்பக்குளம் (செவ்வாய், மதியம் 2.30)

சேலத்துக்காரன் சார், உங்கள் பயம் புரிகிறது. ஒன்று கேட்கிறேன், கோபப்படக் கூடாது. உங்கள் பாட்டிக்கு ராத்திரி துணி மாற்றியது யார்? குளிக்க மாட்டேன் என்று கையை ஓங்கியபோது அடி வாங்கியது யார்? உங்கள் அம்மாவா, பெரியம்மாவா? அவர்களிடம் அப்போது யாராவது எப்படி இருக்கிறாய் என்று கேட்டார்களா?

நான் மதுரையில் அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். இடுப்பு வலி, ரத்த அழுத்தம், தூக்கமின்மை என்று வரும் நடுத்தர வயதுப் பெண்களிடம் கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால், வீட்டில் ஒரு மாமியாரோ மாமனாரோ இந்த நிலையில் இருப்பார். அதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். திண்ணையில் உட்கார்ந்திருந்த பாட்டியைத்தான் நாம் எல்லோரும் பார்த்தோம் சார். அடுப்படியில் இருந்தவரைப் பார்க்கவில்லை.

இன்னொன்று. இது வெளிநாட்டிலிருந்து இறக்குமதி ஆன யோசனை என்று நினைக்க வேண்டாம். 1998-ல் கொச்சியில் நடந்த அல்சைமர் மாநாட்டையொட்டித்தான் 10/66 என்ற ஆய்வுக் குழு உருவானது. பெயருக்குக் காரணம் உண்டு. அப்போது உலகில் மறதி நோய் உள்ளவர்களில் 66 சதவீதம் பேர் நம்மைப் போன்ற நாடுகளில் இருந்தார்கள், ஆய்வுகளில் 10 சதவீதம்கூட இங்கே நடக்கவில்லை என்பதைச் சொல்லும் பெயர் அது. சென்னையும் அந்தக் குழுவின் ஆய்வு மையங்களில் ஒன்று.

கோவாவில் ஓர் ஆய்வில் செய்ததை நான் எல்லோரிடமும் சொல்வேன். இரண்டு தாலுகாவில் 81 குடும்பங்கள். உள்ளூர் மொழி பேசுகிற, பள்ளிப் படிப்பு முடித்த சாதாரணப் பெண்களை எடுத்து ஒரு வாரம் பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் வீடு வீடாகப் போய் உட்கார்ந்து பேசினார்கள். நோய் என்றால் என்ன, குளிப்பாட்டுவது எப்படி, கோபத்தைச் சமாளிப்பது எப்படி, அரசு உதவித் தொகைக்கு எங்கே எழுதுவது, இவ்வளவுதான். பின்னால் ஒரு மனநல மருத்துவர் துணை இருந்தார். ஆறு மாதத்தில் பார்த்துக்கொள்பவர்களின் மன நலம் தெரியும்படி மேம்பட்டிருந்தது. 2008-ல் இது வெளியானது. பெரிய கட்டடமோ மெஷினோ வேண்டியிருக்கவில்லை. வீட்டுக்குள் வந்து உட்கார ஒரு ஆள் வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் பாட்டியைப் பார்க்கத் திண்ணைக்கு வந்தவர்களைப் போலத்தான், ஆனால் இவர்கள் அடுப்படி வரைக்கும் வந்தார்கள்.

வாணி, உங்களுக்கு இரண்டு விஷயம் சொல்லணும். ஒன்று, அம்மாவின் நிலை ஓரிரு நாளில் திடீரென்று மோசமானால், இல்லாத ஆளைப் பார்த்துப் பேசினால், ஒரேயடியாகச் சோர்ந்தால், நோய் முற்றிவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். சிறுநீரில் தொற்று, மலச்சிக்கல், உடம்பில் நீர் குறைவது, புது மாத்திரை, எது வேண்டுமானாலும் காரணமாக இருக்கும். உடனே டாக்டரிடம் காட்டினால் பலர் தேறிவிடுவார்கள். இரண்டு, ராத்திரி தூங்கவில்லை என்று மருந்துக்கடையில் கேட்டுத் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். தள்ளாடி விழுந்தால் இடுப்பு எலும்பு போய்விடும். பகலில் வெயில் படும்படி ஒரு நடை, மதியத் தூக்கத்தைக் குறைப்பது, நாலு மணிக்கு மேல் காபி கொடுக்காமல் இருப்பது, சாயங்காலம் இருட்டுவதற்கு முன்னாலேயே விளக்கு எல்லாவற்றையும் போட்டுவிடுவது. முதலில் இதைச் செய்து பாருங்கள்.

அம்பத்தூர்_வாணி (செவ்வாய், இரவு 12.10)

அம்மா இப்போதுதான் தூங்கினார். மாடிப்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தேன். கணக்கர் ஐயா எழுதிய அந்த அப்பா விஷயம்... நானும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். அப்பா எங்கே என்று கேட்டால், ஆறு வருடம் ஆச்சும்மா என்று சொல்லிவிடுகிறேன். பொய் சொல்லக் கூடாது என்று என்னை வளர்த்ததே அம்மாதான்.

அப்பா எங்கே என்று கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்?

பழைய_கணக்கர் (புதன், காலை 5.05)

"அப்பாவைத் தேடறியா? அவர் உனக்கு என்ன வாங்கிட்டு வருவார்?" என்று கேட்பேன். நேந்திரம் சிப்ஸ் என்பாள். திருவனந்தபுரம் ரயிலில் இருந்து இறங்கும்போது அவர் கையில் இருந்த பொட்டலத்தைப் பற்றிப் பத்து நிமிடம் சொல்வாள். நான் பொய் எதுவும் சொல்லவில்லை, வருவார் என்றும் சொல்லவில்லை. அவள் தேடுவது அவரைப் பற்றிய பேச்சைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. இப்போது அந்தப் பேச்சும் குறைந்துவிட்டது. நேந்திரம் என்றால் மட்டும் முகம் மலரும்.

வெள்ளவத்தை_மதி (புதன், மாலை 6.48)

வாணி அக்கா, கொழும்பிலிருந்து எழுதுகிறேன்.

அம்மம்மா வங்கியில் வேலை செய்தவர். சிங்களமும் ஆங்கிலமும் சரளமாகக் கதைப்பார். நோய் முற்ற முற்ற, பிந்திப் படித்த மொழிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. முதலில் ஆங்கிலம், பிறகு சிங்களம். கடைசியில் சின்ன வயதில் பருத்தித்துறையில் கதைத்த தமிழ் மட்டும் மிஞ்சியது. பார்த்துக்கொள்ள வந்த பிள்ளைக்குச் சிங்களம் மட்டும்தான் தெரியும். தண்ணீர் கேட்டால்கூட விளங்காமல் இரண்டு பேரும் அழுவார்கள்.

இங்கே மருதானையில் லங்கா அல்சைமர் அறக்கட்டளை இருக்கிறது, 2001-ல் தொடங்கியது. நான் அங்கே முதலில் போனது ஒரு பட்டியலோடு: எந்த மருந்து, எந்தப் பரிசோதனை. அவர்கள் என்னிடம் கேட்டது வேறு. அம்மம்மா காலையில் எழும்பினதும் முதலில் என்ன செய்வார்? எந்தப் பாட்டு? எந்தக் கோவில்? என்னால் பாதிக்குத்தான் பதில் சொல்ல முடிந்தது. வீட்டுக்கு வந்து பெரிய மாமாவுக்குத் தொலைபேசி எடுத்து, ஒரு கொப்பியில் எல்லாவற்றையும் எழுதினேன். அம்மம்மாவின் இளமைக் காலத்தை நான் தெரிந்துகொண்டதே அந்தக் கொப்பியால்தான். அந்தச் சிங்களப் பிள்ளைக்கு இருபது தமிழ்ச் சொல் எழுதிக் கொடுத்தேன்: தண்ணி, பசி, நோகுது, குளிர், பயப்படாதேங்கோ. அது அவளுக்குப் போதுமாக இருந்தது.

நீங்களும் ஒரு கொப்பி தொடங்குங்கள். அண்ணனிடமும் கேளுங்கள். தூரத்தில் இருப்பவர் செய்யக்கூடிய வேலை அது.

கோடம்பாக்கம்_சுதா (வியாழன், காலை 10.20)

உளவியல் படித்து முதியோருடன் வேலை செய்கிறேன். சென்னையில் இருப்பவர்களுக்கு இன்னொரு இடத்தையும் சொல்கிறேன். அண்ணாநகர் மேற்கு விரிவாக்கத்தில் இருக்கும் ஸ்கார்ஃப். மனச்சிதைவு நோய்க்காக 1984-ல் டாக்டர் சாரதா மேனன் தொடங்கிய தொண்டு நிறுவனம் அது. பிறகு முதியோர் மறதி நோய்க்கென்று டெம்கேர்ஸ் என்ற தனிப் பிரிவையும் கொண்டுவந்தார்கள்.

அவர்கள் செய்த வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது அறிவாற்றல் தூண்டல் பயிற்சி. லண்டனில் உருவான முறை. ஆரம்ப நிலையிலும் நடுநிலையிலும் இருக்கும் நோயாளிகள் சிறு குழுவாக வாரம் இரண்டு தடவை, ஏழு வாரம், மொத்தம் 14 அமர்வு கூடுவார்கள். ஒவ்வொரு அமர்வுக்கும் ஒரு பொருள்: சிறுவயது, சாப்பாடு, ஒலிகள், பணம், சொல் விளையாட்டு இப்படி. இதை அப்படியே மொழிபெயர்த்தால் இங்கே எடுபடாது என்று, நம் ஊர்க் குடும்பங்களிடமும் நோயாளிகளிடமும் கேட்டுத் தமிழுக்கும் தென்னிந்திய வழக்கத்துக்கும் ஏற்றபடி மாற்றினார்கள். பிறகு பிரேசில், தான்சானியா நாடுகளோடு சேர்ந்து இதைப் பரவலாக்கும் ஆய்விலும் இருந்தார்கள்.

இது நோயை நிறுத்தாது, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அல்சைமருக்குக் கொடுக்கும் டோனெபெசில் மாத்திரையும் நிறுத்தாது. சிலருக்கு அறிகுறிகளைக் கொஞ்ச காலம் தள்ளிப்போடும். இந்தப் பயிற்சியும் சிந்தனையிலும் வாழ்க்கைத் தரத்திலும் சிறிய அளவில் முன்னேற்றம் தருவதாகத்தான் ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அந்தக் குழுவில் ஒரு விதி இருக்கிறது: ஞாபகத்தைச் சோதிக்கிற கேள்வி கேட்கக் கூடாது, கருத்துத்தான் கேட்கணும். "உங்க பொண்ணு பேர் என்ன" என்று கேட்டால் அவர் தோற்றுப்போவார். ஒரு பழைய காசையும் புதுக் காசையும் கையில் கொடுத்து "எது நல்லா இருக்கு, ஏன்?" என்று கேட்டால் அவர் எது சொன்னாலும் சரிதான். வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் எல்லோரும் "நான் யார் சொல்லுங்க பார்ப்போம்" என்று கேட்பார்கள் இல்லையா? வாசலிலேயே நிறுத்தி அதைக் கேட்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். "நான் வாணியோட அத்தை, உங்களைப் பார்க்க வந்தேன்" என்று அவர்களே பேரைச் சொல்லிக்கொண்டு உள்ளே வரட்டும்.

உங்கள் அம்மா கணக்கு டீச்சர். வாய்ப்பாடு இன்னும் இருக்கிறதா என்று மெதுவாகப் பாருங்கள். பல வருடம் ஒப்பித்த விஷயங்கள் கடைசியில்தான் போகும்.

மட்டுறுத்துநர் (வியாழன், மாலை 4.00)

90 நாளில் மறதி நோய் குணமாகும் என்று ஒரு லேகியத்துக்கு விளம்பரம் போட்டவரின் பதிவும் அவருடைய தொலைபேசி எண்ணும் நீக்கப்பட்டன. அல்சைமரை முழுதாகக் குணப்படுத்தும் மருந்து எந்த மருத்துவ முறையிலும் இன்றுவரை இல்லை. பி12 குறைபாடு, தைராய்டு, மனச்சோர்வு, தலையில் அடிபட்டு ரத்தம் கட்டுவது போன்றவற்றால் வரும் மறதி சிகிச்சையில் சரியாகக்கூடும். அதனால் முதலில் முறையான பரிசோதனை அவசியம். இப்படி விற்பவர்கள் தனிமடலில் தொடர்புகொண்டால் தெரிவியுங்கள்.

சேலத்துக்காரன் (வெள்ளி, இரவு 9.35)

தெப்பக்குளம் அம்மா கேட்ட கேள்வியை என் அம்மாவிடமே போய்க் கேட்டேன். பாட்டியைப் பார்த்துக்கொண்டது அவர்தான். "ஏன்டா இப்ப கேக்கறே" என்றார். அப்புறம் ஒரு மணி நேரம் பேசினார். பாட்டி ஒருநாள் தள்ளிவிட்டதில் அம்மாவின் மணிக்கட்டு உடைந்திருக்கிறது. கிணற்றடியில் வழுக்கி விழுந்ததாகத்தான் எங்களிடம் சொன்னார். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. இத்தனை வருடமும் கிணற்றடி என்றே நினைத்திருந்தேன்.

காப்பகம் பற்றி என் கருத்து மாறவில்லை. ஆனால் கூட்டத்தைப் பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன்.

ஒரு கேள்வி. நீங்கள் எல்லோரும் சென்னை, கொழும்பு என்கிறீர்கள். ஆத்தூர்ப் பக்கம் கிராமத்தில் என் சித்திக்கு இப்போது இதே மாதிரி ஆரம்பித்திருக்கிறது. அங்கே எந்த அமைப்பு இருக்கிறது?

தெப்பக்குளம் (சனி, காலை 7.50)

மணிக்கட்டு விஷயம் படித்துக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை. அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

கிராமத்து நிலைமை உள்ளபடி சொன்னால், இதற்கென்று தனி அமைப்பு பெரும்பாலான ஊர்களில் இல்லை. இருப்பதை வைத்துத்தான் வழி பார்க்கணும். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மனநல மருத்துவர் இருப்பார். முதலில் அங்கே காட்டி ரத்தப் பரிசோதனை எல்லாம் முடியுங்கள். முதியோர் உதவி எண் 14567, காலை எட்டு முதல் இரவு எட்டு வரை, கட்டணம் இல்லை. மன உளைச்சலுக்கு டெலி மானஸ் 14416, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள். அது சித்தியைப் பார்த்துக்கொள்பவருக்கு. சென்னை வரமுடியும் என்றால் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் வளாகத்தில் தேசிய முதியோர் நல மையம் 2024-லிருந்து செயல்படுகிறது, 200 படுக்கை கொண்ட அரசு மருத்துவமனை.

மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் வீட்டுக்கு வருகிற பெண் பணியாளரிடமும் சொல்லி வையுங்கள். அவர்கள் வருவது சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்குத்தான். ஆனாலும் மாதாமாதம் வாசலுக்கு வரும் ஆள். கோவாவில் செய்தது போல இவர்களுக்கு இதில் ஒரு வாரம் பயிற்சி கொடுத்தால் எவ்வளவு வீடுகளுக்கு உதவும் என்று நான் பார்க்கிற அதிகாரிகளிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சொல்வதை விடப்போவதில்லை.

பழைய_கணக்கர் (சனி, காலை 8.30)

யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். பணம்.

நான் மனைவியிடம் பொது அதிகாரப் பத்திரம் எழுதி வாங்கி வைத்திருந்தேன், போதும் என்று இருந்தேன். கூட்டத்துக்கு வந்த ஒரு வழக்கறிஞர்தான் விளக்கினார். 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டம் 201-வது பிரிவின்படி, எழுதிக்கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் அந்த அதிகாரம் முடிந்துவிடும். நமக்கு எப்போது தேவைப்படுகிறதோ அப்போதுதான் அது செல்லாமல் போகிறது. அதனால் ஆரம்பக் கட்டத்திலேயே, அவர்களுக்குப் புரிந்து சம்மதிக்கும் நிலை இருக்கும்போதே, வங்கிக் கணக்கைக் கூட்டுக் கணக்காக மாற்றுவது, நாமினி போடுவது, உயில் எழுதுவது எல்லாவற்றையும் அவர்கள் விருப்பத்தைக் கேட்டே முடித்துவிடணும். சேலத்துச் சகோதரர் சித்தி விஷயத்தில் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

வாணி அம்மாவுக்கு: டீச்சர் பென்ஷன் இருக்குமே. ஆயுள் சான்றுக்காக அவரை அலுவலகத்துக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டாம். தபால்காரர் வீட்டுக்கே வந்து எடுத்துத் தருகிறார். தபால் நிலையத்தில் கேளுங்கள்.

அம்பத்தூர்_வாணி (ஐந்து வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 10.15)

எல்லோருக்கும் வணக்கம். போய்விட்டு வந்தேன். நேற்றுத்தான்.

அம்மாவைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் இரண்டரை மணி நேரம் விட்டுவிட்டுப் போனேன். பேருந்தில் போகும்போது திரும்பிவிடலாமா என்று மூன்று நிறுத்தத்தில் யோசித்தேன். பதினொரு பேர் இருந்தார்கள். ஒரு பையனுக்கு இருபத்தாறு வயதுகூட இருக்காது, அப்பாவைத் தனியாகப் பார்த்துக்கொள்கிறான். டயப்பர் மாற்றும்போது அப்பா கூச்சப்படுகிறார், அவர் முகத்தைப் பார்க்காமல் கிரிக்கெட் பேசிக்கொண்டே மாற்றுகிறேன் என்று சாதாரணமாகச் சொன்னான். அறுபது வயது அம்மா ஒருவர், "சில ராத்திரி இவர் போயிட்டா தேவலைன்னு தோணுது" என்றார். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். யாரும் அதிர்ச்சி அடையவில்லை. நாலைந்து பேர் தலையை ஆட்டினார்கள். நானும் ஆட்டினேன். எனக்கு மட்டும்தான் அப்படித் தோன்றுகிறது, நான் மோசமான மகள் என்று எட்டு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஐந்து மணி விஷயத்தையும் சொன்னேன். ஒருங்கிணைப்பாளர், "இதுதான் வீடு என்று நிரூபிக்கப் பார்க்காதீர்கள். எந்த வீடு, அங்கே யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள்" என்றார். கணக்கர் ஐயா எழுதியதும் அதேதான். நான் ஏனோ இத்தனை நாள் அப்பா விஷயத்துக்கு மட்டும் அதைச் செய்துகொண்டு இதற்குச் செய்யவில்லை.

இன்றைக்குச் சாயங்காலம் கைப்பையோடு வாசலுக்கு வந்தார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. பக்கத்தில் போய், "வீட்டில யார் இருக்கா டீச்சர்?" என்று கேட்டேன். டீச்சர் என்று ஏன் வாயில் வந்தது என்று தெரியவில்லை.

"வாணி ஸ்கூல் விட்டு வந்திருப்பா. சாவி என்கிட்ட இருக்கு. வாசல்லயே நிப்பா, குழந்தை பசியோட இருப்பா" என்றார்.

நாங்கள் அப்போது இருந்த வாடகை வீட்டில் நான் தினமும் படியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அம்மா பள்ளியிலிருந்து ஓட்டமும் நடையுமாக வருவார். அந்த நேரம்தான் இது. இத்தனை நாளும் என்னிடம் வருவதற்குத்தான் கிளம்பியிருக்கிறார், நான் கதவைப் பூட்டி வைத்திருந்தேன்.

"வாணிக்குச் சாப்பிடக் கொடுத்தாச்சு டீச்சர், பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கறாங்க" என்றேன். "அப்பாடா" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். பையைக் கழற்றித் தானே மாட்டினார். காபி வேண்டாம் என்று தெப்பக்குளம் அம்மா சொல்லியிருந்ததால் பால் கொடுத்தேன். அப்புறம் சுதா சொன்னபடி பதினேழாம் வாய்ப்பாடு ஆரம்பித்தேன். நான் ஏழாவதிலேயே தப்பாகச் சொன்னேன். 119 என்று திருத்தினார். பதினாறு வரைக்கும் அவர்தான் சொன்னார்.

நாளைக்கும் இப்படியே நடக்குமா தெரியாது. அண்ணனுக்கு நடந்ததை எழுதினேன். மதி சொன்ன நோட்டுக்காகச் சின்ன வயது விஷயங்களைக் கேட்டிருக்கிறேன். நாலு பக்கம் எழுதி அனுப்பியிருக்கிறான். அந்தப் படியைப் பற்றி அவனும் எழுதியிருக்கிறான்.

ஒரே சிக்கல். அடுத்த மாதம் பக்கத்து வீட்டு அக்கா ஊருக்குப் போகிறார். கூட்டம் சனிக்கிழமை மதியம். ஏஜென்சி மூலமாகப் புது ஆளை விட்டுப் போக மனம் வரவில்லை. அம்பத்தூர்ப் பக்கம் தெரிந்தவர் யாராவது இருக்கிறீர்களா?

பாடி_சரஸ்வதி (திங்கள், காலை 6.20)

நான் பாடியில் இருக்கிறேன், உங்களுக்கு இருபது நிமிடம். இந்த இழையை முதல் நாளிலிருந்து படிக்கிறேன். என் கணவர் இதே நோயில் போன வருடம் தவறினார். நானும் ஓய்வு பெற்ற ஆசிரியைதான், ஆறாம் வகுப்பு.

முன்பின் தெரியாதவள் என்று தயங்காதீர்கள். அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் நீங்கள் வீட்டில் இருக்கும்போதே வந்து உட்கார்ந்து பழகுகிறேன். அவருக்கு என் முகம் பழகினால் சனிக்கிழமை விட்டுவிட்டுப் போங்கள். கணக்கு நோட்டு ஒன்றும் சிவப்பு மை பேனாவும் கொண்டு வருகிறேன். சில கணக்கை வேண்டுமென்றே தப்பாகப் போட்டுக் கொண்டு வருவேன்.

தனிமடலில் எண் அனுப்பியிருக்கிறேன். காலை பத்து மணிக்கு மேல் கூப்பிடுங்கள்.